மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: குளிரில் தண்ணீர் குடிக்கப் பழகும் வழி

குன்னூருக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலம். ஜனவரியில் ஒரு ராத்திரி உடம்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி குளிர்நடுக்கம், காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தாங்க முடியாத வலி. பனி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் முந்தின நாள் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், ராத்திரி மாத்திரைக்கு அரை டம்ளர். அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. மூன்று நாள் ஊசி, பத்து நாள் மாத்திரை, ஒன்பது நாள் சம்பளமில்லாத விடுப்பு. கையிலிருந்து போனது 11,400 ரூபாய். தண்ணீரைக் குறைத்ததும் சிறுநீரை அடக்கி அடக்கி வைத்ததும் சேர்ந்து செய்த வேலை இது என்று டாக்டர் சொன்னார். அப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் தடுமாறித்தான் ஒரு பழக்கத்துக்கு வந்தேன். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, அந்தப் பக்கம் கொடைக்கானல் என்று கீழிருந்து புதிதாகக் குடிவரும் யாருக்கும் இந்த ஒரு வருடம் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு, இதயம் பலவீனம், கால்வீக்கம் இருந்தாலோ, நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிட்டாலோ, கீழே சொல்லும் அளவுகள் உங்களுக்கானவை அல்ல. எவ்வளவு குடிக்கலாம் என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கூட வந்திருக்கும் வயதான அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். வயதாக ஆகத் தாகம் மங்கிவிடும். அதோடு ரத்த அழுத்த மாத்திரைகளில் சில நீரைப் பிரிக்கிற மாத்திரைகள். சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

1. தாகத்தை நம்பாதீர்கள்

மதுரையிலோ தூத்துக்குடியிலோ இருந்தபோது தாகம் தானாக வந்து நம்மை எழுப்பும். இங்கே எழுப்பாது. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் உள்பக்கம் சேர்கிறது. உள்ளே நீர் நிறைய இருக்கிறது என்று உடம்பு கணக்குப் போட்டுச் சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிறது, தாகத்தையும் தணித்துவிடுகிறது. வாயிலிருந்து புகை போல வருகிறதே, அது மூச்சோடு போகும் நம் உடம்பின் நீர்தான். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, உறைபனி விழும் நாட்களில், காற்றும் வறண்டிருக்கும். வியர்வை தெரியாததால் நீர் போவதே தெரியாது. உதடு வெடிப்பதைக் குளிரின் கணக்கில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

2. மூட்டையைப் பிரிக்கும்போதே ஒரு ஃபைல் போடுங்கள்

உடம்புக்கு முடியாத நேரத்தில் காகிதம் தேடுவது பெரிய கொடுமை. என் பழைய ஸ்கேன் அறிக்கை ஊரில் பீரோவில் இருந்தது. அது கையில் இல்லாததால் இங்கே மறுபடியும் எடுத்தேன், 1,200 ரூபாய். ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை இரண்டும் இருக்க வேண்டும்), பழைய ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு, ஆதார் நகல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் நகலும். ஆனால் அந்த அட்டை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்கும்தான். டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வருகிற செலவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால், வந்த முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். தெளிந்த உடம்போடு இருக்கும்போது எடுத்த கணக்கு ஒன்று கையில் இருந்தால், பின்னால் ஏதாவது வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு வசதி.

3. பதினான்கு நாள் நோட்டு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். செலவு இருபது ரூபாய் நோட்டு ஒன்று.

முதல் வேலையாக, நீங்கள் தினமும் குடிக்கும் டம்ளரை அளந்துகொள்ளுங்கள். அளவு தெரிந்த ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தால் போதும். என் எவர்சில்வர் டம்ளர் 180 மி.லி. பிடித்தது. நான் கால் லிட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடை கிளாஸ் அதில் பாதிதான்.

நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், என்ன குடித்தேன், எவ்வளவு, சிறுநீரின் நிறம், அப்போது மனசு எப்படி இருந்தது. நிறத்துக்கு நான் நான்கு பேர் வைத்துக்கொண்டேன்: வைக்கோல், எலுமிச்சம்பழம், நல்லெண்ணெய், கடுங்காப்பி. வைக்கோல் நிறம்தான் வேண்டியது. எலுமிச்சை என்றால் ஒரு டம்ளர் குடிக்க நேரமாகிவிட்டது. நல்லெண்ணெய் என்றால் ரொம்ப நேரமாகிவிட்டது. நிறைய குடித்த பிறகும் கடுங்காப்பி நிறத்திலேயே போனால் அது தண்ணீரோடு தீரும் விஷயமில்லை, டாக்டரிடம் போங்கள். பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், அதை எண்ண வேண்டாம். இங்கே பீட்ரூட் மலிவு. பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிலருக்கு இளஞ்சிவப்பாகப் போகும். எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை ரத்தம் போகிறது என்று பயந்தே போனாள். பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவப்பாகப் போனால் மட்டும் உண்மையிலேயே தாமதிக்கக் கூடாது.

முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள். நல்ல பிள்ளையாகக் குடித்துக் காட்ட வேண்டாம், யாரும் மார்க் போடப் போவதில்லை. எப்படி இருக்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். எனக்கு அந்த ஏழு நாளில் தினசரி தண்ணீர் சராசரியாக 650 மி.லி., டீ நாலைந்து கிளாஸ்.

எட்டாம் நாள் நோட்டை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். நான் வாசித்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, சாயங்காலம் நாலு மணி. அநேகமாக எல்லா நாளும் அந்த நேரத்துக்கு எதிரே 'தலை பாரம், ஊர் ஞாபகம், அழுகை வருது' என்று எழுதியிருந்தேன். மூடுபனி இறங்கி எதிர் மலை மறையும் நேரம் அது. வந்த நாளிலிருந்து அதை ஊர் ஏக்கம் என்றே வைத்திருந்தேன். ஆனால் அதற்கு மேலே பார்த்தால், காலை எட்டு மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உடம்பில் நீர் கொஞ்சம் குறைந்தாலே தலைவலி, சோர்வு, கவனச் சிதறல், மனச் சுருக்கம் எல்லாம் வரும் என்பது மருத்துவர்கள் சோதித்து அறிந்த விஷயம். சரி என்று இரண்டாவது வாரம் ஒரு சோதனை வைத்தேன். மதியம் இரண்டரைக்கு ஒரு டம்ளர், மூன்றரைக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். வேலை நாள் ஐந்தில் மூன்று நாள் அந்தப் பாரம் வரவே இல்லை. மீதி இரண்டு நாள் வந்தது. அந்த இரண்டு நாளும் நான் காலையிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நோட்டே சொன்னது. அந்த மாதிரி நாளில் இப்போது தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடுகிறேன். எது தாகம், எது தனிமை என்று பிரித்துப் பார்க்க எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. வீட்டில் இருந்த ஞாயிறன்று ஒன்றரை லிட்டர் குடித்திருக்கிறேன். வேலை நாளில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் குளிர் மட்டும் காரணமில்லை. ஏன் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். வேலையிடத்தில் கழிவறைச் சாவி மேல்மாடியில் ஓர் ஆண் அலுவலர் மேசையில் தொங்கும். அவரிடம் போய்ச் சாவி கேட்க எனக்குக் கூச்சம். அந்த ஒரு சொல்லை எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பஸ் ஏறும்போதெல்லாம் பாட்டி சொல்வார், "தண்ணி குடிக்காதடி, வழியில எங்க போவே?" பாட்டி அக்கறையில் சொன்னதுதான். முப்பது வருடமாக நான் அதைத் தாகத்துக்கு மேலே மூடி போட்டு வைத்திருந்தேன்.

உங்களுக்குக் கிடைக்கும் காரணம் வேறாக இருக்கும். ராத்திரி எழுந்து குளிரில் பின்கட்டுக்குப் போகப் பயமாக இருக்கலாம். வேலையில் மூழ்கினால் உடம்பையே மறந்துவிடுகிறவராக இருக்கலாம். குழாய்த் தண்ணீரின் வாடை பிடிக்காமல் இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி மேசைமேல் வைத்தால் அது நிரம்பியபடியே இருக்கும். என் மேசையில் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது.

4. உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

எட்டு டம்ளர் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் கணக்கல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு பெண்களுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். சாப்பாட்டில் இருக்கும் நீரும் அதற்குள் அடக்கம், அது மட்டுமே ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. சோறு, ரசம், சாம்பார் என்று சாப்பிடும் நமக்கு இன்னும் கூடவே சேரும். ஆக, குடிக்க வேண்டியது பெண்களுக்கு ஏறக்குறைய 1.6, ஆண்களுக்கு 2 லிட்டர். இந்த ஊர் மேரக்காய், நூல்கோல், முள்ளங்கி எல்லாமே நீர் நிறைந்த காய்கள்தான், கூட்டாக வைத்துச் சாப்பிடுங்கள்.

நடை, ஏற்றம் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். குன்னூரில் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் படி ஏறி இறங்கினாலே ஒரு டம்ளர் கூட வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கல் இருந்தவர்கள் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். கல் வந்தவர்களுக்கு, சிறுநீரே நாளைக்கு 2.5 லிட்டர் போகிற அளவுக்குக் குடிக்கச் சொல்வார்கள்.

எச்சரிக்கை: விட்டதைப் பிடிக்கிறேன் என்று ராத்திரி ஒரேயடியாக ஒன்றரை லிட்டர் குடிக்காதீர்கள். நல்ல சிறுநீரகம்கூட ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வாந்தி வரை போகும். தினம் நான்கு லிட்டர் சவால் என்று கைபேசியில் வருவதையெல்லாம் இந்தக் குளிரில் முயற்சிக்க வேண்டாம்.

5. வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

முடிந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நான் பாத்ரூமில் ஹீட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவி வாங்கினேன்.

கேட்க வேண்டியவை: குழாய்த் தண்ணீரா, கிணறா, ஊற்றா? எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும்? குன்னூர் நகருக்கு முக்கியமான ஆதாரம் ரேலியா அணை. கோடையில் முறை வைத்துத்தான் வரும், அதனால் பிடித்து வைக்கும் தொட்டியின் அளவு முக்கியம். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? மூடி சரியாக மூடுகிறதா? குரங்குகள் தொட்டி மூடியைத் திறந்துவிடும், கல் வைத்திருக்கிறார்களா என்று ஏறிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீர்க் கட்டணம் யாருடையது, தொட்டி கழுவும் செலவு யாருடையது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். நான் எழுதி வாங்காததால் வந்த முதல் மாதமே தொட்டி கழுவ 600 ரூபாய் கொடுத்தேன்.

மலை ஊற்று சுத்தம் என்று பலரும் சொல்வார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியும் அருமை. ஆனால் மேலே என்ன தோட்டம், எந்தக் குடியிருப்பு, யாருடைய கழிவுக் குழி என்று நமக்குத் தெரியாது. காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். மழைக்காலத்தில் இன்னும் கவனம். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெரிது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழைதான் பெரிது. அந்த நாட்களில் தண்ணீர் கலங்கி வந்தால் தெளிய வைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, அப்புறம் காய்ச்சுங்கள்.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு. முதலில் போன் செய்து எந்த நாள் மாதிரி வாங்குகிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போங்கள். உப்பு, கடினத்தன்மை பார்க்க வீட்டிலிருந்து சுத்தமான கேனில் கொண்டுபோகலாம். கிருமி பார்க்க மட்டும் அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும். வீட்டு பாட்டிலில் கொண்டுபோனால் அந்த முடிவுக்கு அர்த்தமில்லை. முடிவு வந்ததும் மூன்று எண்ணைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், கார அமிலத்தன்மை (pH) 6.5-லிருந்து 8.5-க்குள், 100 மி.லி.யில் ஈ.கோலை கிருமி அறவே இருக்கக் கூடாது.

6. ஆர்.ஓ. மெஷினுக்கு அவசரப்படாதீர்கள்

குடிவந்த மூன்றாவது வாரம் ஆர்.ஓ. மெஷின் விற்கும் ஒருவர் வீடு தேடி வந்தார். என் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் சேறு போலப் பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தாங்க மேடம் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்றார். நான் பயந்து 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன், அது திரும்பி வரவில்லை.

அந்தப் பழுப்பு என் தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து வரும் துரு அது. தாது உப்பு உள்ள எந்தத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் கம்பி கரையும். உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர் கடத்தாது, அதனால் தெளிவாக நிற்கும். பின்னால் ஆய்வகத்தில் பார்த்தபோது என் தண்ணீரில் கரைந்த உப்பு 60 மில்லிகிராம்தான். மலைத் தண்ணீர் பொதுவாகவே மெல்லிய தண்ணீர். ஆர்.ஓ. என்பது உப்புத் தண்ணீருக்கான மெஷின். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல், உப்பு 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று சொன்னது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் மெஷின் அது. முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊரில் அதற்கு நியாயமில்லை.

நமக்குத் தேவை கிருமி நீக்கம், அதற்குக் காய்ச்சினால் போதும். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும்: குன்னூரில் 94 டிகிரி அளவில், ஊட்டியில் 93-க்கும் கொஞ்சம் கீழே. நோய்க் கிருமி சாக இந்தச் சூடு போதும், ஆனால் நேரம் கூட்ட வேண்டும். குமிழ் வந்ததும் அடுப்பை அணைக்காமல், தளதளவென்று கொதிக்க விடுங்கள்: கீழே ஊரில் ஒரு நிமிடம் என்றால், 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூன்று நிமிடம். குன்னூர் அதற்குக் கொஞ்சம் கீழேதான், இருந்தாலும் நான் மூன்று நிமிடமே வைக்கிறேன். ஆறியதும் குழாய் வைத்த எவர்சில்வர் பானையில் ஊற்றி மூடுங்கள். சொம்பை உள்ளே விட்டு மொள்ளும் பழக்கம் இருந்தால் காய்ச்சியது வீண்.

7. சூடாகக் கையெட்டும் இடத்தில்

இங்கே பச்சைத் தண்ணீர் பல்லைக் கூசும். அதனால்தான் பாதிப் பேர் குடிப்பதில்லை. வீரம் காட்ட வேண்டாம், சூடாகக் குடியுங்கள்.

நான் வாங்கியவை: ஒரு லிட்டர் எவர்சில்வர் பிளாஸ்க் 950 ரூபாய், மின்சாரக் கெட்டில் 800 ரூபாய், அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் 280 ரூபாய். பிளாஸ்க்கை எட்டு மணி நேரம் சூடு நிற்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, திருப்பித் தர எத்தனை நாள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். என் முதல் பிளாஸ்க் இரண்டு மணி நேரத்தில் ஆறிப்போனது, ரசீது இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் பார்த்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே போகும் இடத்தில் காசு போட்டால் தண்ணீர் தரும் ஏ.டி.எம்.கள் வைத்திருக்கிறார்கள், நம் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

என் நேரக் கணக்கு இது. எழுந்ததும் ஒரு டம்ளர், குளித்து வந்து ஒன்று. வேலையிடத்தில் பதினொன்று, ஒன்று, இரண்டரை, மூன்றரை. வீட்டுக்கு வந்ததும் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று. எட்டு மணிக்கு மேல் இரண்டு வாய்தான், ராத்திரி குளிரில் எழுந்திருக்க வேண்டியதில்லை. வெறும் வெந்நீர் சலித்தால் சீரகம் போட்டுக் கொதிக்க வையுங்கள், இல்லையென்றால் சுக்கு. ரசத்தை ஒரு கிண்ணம் தனியாகக் குடிப்பதும் கணக்கில் சேரும்.

டீயும் சேரும். டீ உடம்பை வற்ற வைக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். நாளைக்கு மூன்று நாலு கிளாஸ் வரை அதிலுள்ள நீர் உடம்புக்குச் சேரவே செய்கிறது. சர்க்கரையைத்தான் எண்ண வேண்டும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பக்கத்து வீட்டு அக்கா டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். பாலில்லாமல், லேசாக, பெரிய டம்ளரில் அவர் போட்டுத் தரும் தேத்தண்ணியில் பாதித் தாகம் தீர்ந்துவிடும். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து டீ வேண்டாம், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

8. கழிவறைக்கு வழி செய்துவிட்டுக் குடியுங்கள்

பெண்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். போக இடமில்லாமல் குடிக்கச் சொன்னால் யாரும் குடிக்க மாட்டோம்.

நான் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வேலையிடத்தில் எங்களில் மூத்தவரான அக்காவிடம் அந்தச் சாவிக் கூச்சத்தைச் சொன்னேன். "ஏம்மா, எனக்கும் இதே கஷ்டம்தான், இருபது வருஷமா" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம். இரண்டே நிமிடத்தில் சரி என்றுவிட்டார்கள். மார்க்கெட்டில் மாற்றுச் சாவி போட 60 ரூபாய். அது இப்போது எங்கள் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, ஆறு பெண்கள் உபயோகிக்கிறோம். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டாயம் ஒருவர் இருப்பார்.

மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும், நெரிசல் நாளில் இன்னும் கூட. அதற்காகக் காலையிலிருந்து வாயைக் கட்ட வேண்டாம். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு டம்ளர், ஏறும் முன் பஸ் நிலையத்துக் கழிவறை, வழியில் நாக்கு நனைய இரண்டு வாய். சில்லறை ஐந்து பத்து ரூபாய் கைப்பையில் தனியாக இருக்கட்டும்.

9. எரிச்சல் தொடங்கிவிட்டால்

சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போலிருப்பது, அடிவயிற்று வலி: இரண்டு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். இதோடு காய்ச்சல், நடுக்கம், முதுகுப் பக்க வலி, வாந்தி சேர்ந்தால் அன்றைக்கே. ஆண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் வெறும் எரிச்சல் என்றாலும் அன்றைக்கே.

மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். எனக்கு நடந்தது அதுதான். முதல் எரிச்சலுக்கு ஒரு கடையில் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டு, அடங்கியது போலிருந்து, இரண்டு வாரத்தில் பலமாகத் திரும்பியது. பாதி மாத்திரை போட்ட பிறகு கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தால் கிருமி சரியாகவும் தெரியாது. மாதிரியை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மாத்திரை.

மாதிரி எடுக்கும் முறை: தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் மூடிபோட்ட டப்பாவில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. சாதாரணப் பரிசோதனை அன்றே வரும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தால் ஞாயிறு குறுக்கே வரும், வாரத் தொடக்கத்தில் கொடுக்கப் பாருங்கள். தனியாரிடம் எனக்கு ஆனது: டாக்டர் கட்டணம் 300, சிறுநீர்ப் பரிசோதனை 150, கல்ச்சர் 700. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டும் அடிப்படைப் பரிசோதனையும் இலவசம். குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், ஆதாரும் போன் நம்பரும் கேட்பார்கள், இரண்டாவது படியில் சொன்ன ஃபைலை மறக்க வேண்டாம். பொதுவான சந்தேகத்துக்கு 104-ஐ அழைத்தும் கேட்கலாம்.

மாத்திரை எத்தனை நாளைக்கோ அத்தனை நாளும் போட வேண்டும். மூன்றாம் நாளே எரிச்சல் போய்விடும், அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள்.

10. ஊருக்கு இறங்கும்போது

மலையில் பழகிய அளவு கீழே போதாது. ஏப்ரல், மே மாதங்களில் நான் ஊருக்குப் போனால் முதல் இரண்டு நாள் தலைசுற்றும். உடம்பு இன்னும் குன்னூர்க் கணக்கிலேயே இருக்கும். போவதற்கு முந்தின நாளிலிருந்தே ஒரு டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி, அரை லிட்டர் பாட்டிலைக் காலி செய்து, மறுபடி நிரப்பிக்கொண்டுதான் அடுத்த பஸ் ஏற வேண்டும். ஊரில் இருக்கும் நாளெல்லாம் இன்னும் ஒரு லிட்டர் கூட, வெயிலில் அலைந்தால் உப்புப் போட்ட மோரும்.

நோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி மேலே ஏறிய முதல் வாரம் மறுபடி ஏழு நாள் எழுதுங்கள். கீழே இருந்துவிட்டு வந்ததும் தாகம் மறுபடி மறைந்துவிடும். போன ஜூனில் எனக்கு மூன்றாம் நாளே கணக்கு 900 மி.லி.க்கு இறங்கியிருந்தது, எழுதியதால்தான் தெரிந்தது.